அடிக்கப்பட்ட பதினெட்டாவது பெயர்

பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது, பழைய தகரப் பெட்டிக்குள் 1998-ஆம் ஆண்டின் தீர்மான நோட்டு ஒன்று அகப்பட்டது. ஓரங்களைக் கரையான் அரித்திருந்தாலும் உள்ளே எழுத்து தெளிவாகவே இருக்கிறது. அது என் எழுத்து. அப்போது நான் எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் மகளிர் குழுவில் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களுள் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் இருவரே. குழுவை நடத்தும் ஊக்குநராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெரியம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர் என்றாலும், ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் கூட்டம் கலைந்துவிடும் என்பதால் நோட்டு என் மடிக்கு வந்து சேர்ந்தது. கூலியாக வாரந்தோறும் ஒரு கடலை மிட்டாய் தருவார்கள்.

நான் இப்போது சேலத்தில் ஒரு கூட்டுறவு நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறேன். எத்தனையோ பேரேடுகளைப் புரட்டியாயிற்று. ஆனாலும் ஒரு கணக்கு எதற்காக எழுதப்படுகிறது என்பதை அந்த நோட்டிலிருந்துதான் கற்றேன் என்று இன்றும் நினைக்கிறேன்.

எங்கள் ஊர் தர்மபுரி மாவட்டத்தின் மானாவாரிப் பகுதியில் இருக்கிறது. கேழ்வரகு, நிலக்கடலை, வரப்பெங்கும் புளியமரம், மழை பொய்த்தால் பெங்களூருக்குக் கட்டட வேலை என்பதே ஊரின் ஆண்டுச் சுழற்சி. தமிழ்நாட்டின் சுய உதவிக்குழுக்களுக்கு இந்த மாவட்டம்தான் தாய்வீடு. 1983-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம், சர்வதேச வேளாண்மை மேம்பாட்டு நிதியத்தின் உதவியோடு 1989-இல் முதல் குழுக்களை இங்கேதான் அமைத்தது. பிறகு சேலம், தென்னார்க்காடு, மதுரை, இராமநாதபுரம் மாவட்டங்களுக்குப் பரவி, 1997-98-இல் மகளிர் திட்டமாக மாநிலம் முழுவதற்கும் போயிற்று. இதற்கிடையே 1992-இல் வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டு, நாடு முழுவதும் 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்கும் சோதனை முயற்சியைத் தொடங்கியிருந்தது. அம்மாவின் குழு மகளிர் திட்டம் வந்த பிறகு ஒரு தொண்டு நிறுவனத்தின் முயற்சியால் பிறந்தது. வேப்பமரத்தடியில் நடந்த முதல் கூட்டத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் இலவசமாக ஏதோ தரப்போகிறார்கள் என்று நம்பி வந்தவர்கள் என்பதை அம்மாவே சிரித்துக்கொண்டு சொல்வார்.

தந்தது ஒன்றுமில்லை, கேட்டார்கள். ஆளுக்கு வாரம் பத்து ரூபாய் சேமிக்க வேண்டும். பணம் ஒரு சிறிய இரும்புப் பெட்டியில் இருக்கும். அதற்கு மூன்று பூட்டுகள். மூன்று சாவிகளும் மூன்று தெருக்களைச் சேர்ந்த மூவரிடம் இருக்கும். பெட்டி நான்காமவர் வீட்டில். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு எல்லோரும் கூடுவார்கள். மூன்று சாவியும் வந்து சேர்ந்தால்தான் கூட்டம் தொடங்கும். சாவிக்காரர் ஒருவர் சந்தையிலிருந்து திரும்பத் தாமதமானால், மற்றவர்கள் திண்ணையில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டே காத்திருப்பார்கள். பணத்தை ஊக்குநர் எண்ணுவார்; பக்கத்தில் இருப்பவர் மறுபடி எண்ணுவார்; அதன் பிறகே தொகையை உரக்கச் சொல்லி எனக்கு எழுதத் தருவார்கள். எழுதியதை நான் திரும்ப வாசித்துக் காட்ட வேண்டும். மேட்டு வீட்டு ஆயா ஒவ்வொரு முறையும் "இன்னொருக்கா படி கண்ணு" என்பார். அவருக்குக் காது மந்தம் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். எழுதப்படிக்கத் தெரியாதவருக்கு, இரண்டு முறை வாசிக்கச் சொல்லி இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதைத் தவிர வேறு தணிக்கை இல்லை என்பது நான் கணக்கு வேலைக்கு வந்த பிறகுதான் விளங்கியது.

ஆறாவது வாரத்துக் கூட்டம் அந்த நோட்டில் நான்கு பக்கங்களை அடைத்துக்கொண்டிருக்கிறது. கையிருப்பு 1,080 ரூபாய். கடன் கேட்டவர் இருவர். ஒருவர் மகனின் காய்ச்சலுக்கு 300 ரூபாய் கேட்டார். ஆட்டுக்கார அத்தை ஒரு வெள்ளாட்டுக்கு 1,000 ரூபாய் கேட்டார். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கப் பணம் போதாது. காய்ச்சலுக்குக் கொடுக்கும் பணம் திரும்பாது என்று ஒரு கட்சி. ஆடு அடுத்த மாதமும் கிடைக்கும், பிள்ளை கிடைப்பானா என்று மறு கட்சி. அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். பழைய மனத்தாங்கல்கள் எல்லாம் வெளியே வந்தன. யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் மொய் வைக்கவில்லை என்பது வரை போயிற்று. இரவு பத்தரை மணிக்கு ஒரு முடிவு வந்தது: காய்ச்சலுக்கு 300 ரூபாய் உடனே, அத்தைக்கு 750 ரூபாய், மீதி அடுத்த வாரத்து வசூலில். பெட்டியில் 30 ரூபாய் மிஞ்சியது. நான் தூங்கி வழிந்தபடி எழுதிய அந்தத் தீர்மானத்தில் எழுத்துப்பிழைகள் ஏராளம்.

அலுவலகக் கடிதங்கள் இதற்குப் பெண்களுக்கு அதிகாரம் அளித்தல் என்று பெயர் வைத்திருக்கின்றன. யார் அளித்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அதுவரை அந்தப் பதினெட்டுப் பேரும் கடன் கேட்டு நின்றவர்களே தவிர, கடன் கேட்பவரைத் தம் முன்னால் உட்கார வைத்துத் திருப்பித் தர முடியுமா என்று விசாரித்தவர்கள் அல்லர். அந்த இரவில் அவர்கள் முதன்முறையாக விசாரிக்கும் இடத்தில் இருந்தார்கள். அந்த இடம் எவ்வளவு சங்கடமானது என்பதையும் சேர்த்தே கற்றார்கள்.

வட்டி நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். படித்தவர்கள் இதைக் கேட்டவுடன் ஆண்டுக்கு 24 சதவீதம் ஆகிறதே, இது ஏழைகளைச் சுரண்டுவதில்லையா என்பார்கள். ஊரில் அன்று நடப்பிலிருந்த வட்டி ஐந்து ரூபாய். அவசரத்துக்குப் பத்து ரூபாய். அதைவிட முக்கியமான வேறுபாடு, வட்டி போய்ச் சேரும் இடத்தில் இருக்கிறது. ஆட்டுக்கார அத்தை கட்டிய வட்டி மறுபடி அதே பெட்டிக்குள் விழுந்து, ஆண்டு முடிவில் அவருடைய பங்கிலும் ஒரு துளி சேர்ந்தது. கந்துவட்டிக்காரரிடம் கட்டியது போன வழி தெரியாது. இந்தக் கணக்கை ஒரு வல்லுநரும் வந்து அவர்களுக்கு விளக்கவில்லை. மூன்றாம் மாதம் வட்டி வரவு என்று நான் 41 ரூபாயைத் தனியாக எழுதி வாசித்தபோது, "அப்ப இது யாருக்கு?" என்று ஒருவர் கேட்க, ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

ஆனால் அதே நோட்டின் பன்னிரண்டாம் வாரப் பக்கத்தில், உறுப்பினர் பட்டியலின் பதினெட்டாவது பெயர் நீல மையால் அடிக்கப்பட்டிருக்கிறது. அடித்ததும் நான்தான். அவர் கணவரோடும் பத்து வயது மகனோடும் பெங்களூருக்குச் சித்தாள் வேலைக்குப் போனவர். தொடர்ந்து ஆறு வாரம் சந்தா கட்டாதவர் பெயர் நீக்கப்படும் என்பது குழுவே போட்ட விதி. திரும்பி வந்தவருக்கு அவர் கட்டியிருந்த 60 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டார்கள். மறுப்பேதும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனார். ஊரிலேயே கையில் ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத இரண்டு மூன்று குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. வாரம் பத்து ரூபாய் என்பது எங்களுக்குச் சிறு தொகை. வேலைக்காக ஊர் ஊராக அலைபவருக்கு, பணத்தைவிடவும் வெள்ளிக்கிழமைதோறும் ஊரில் இருப்பதே பெரிய செலவு. குழுக்களைப் பற்றிப் பெருமையாகப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்த நீலக் கோடு நினைவுக்கு வந்துவிடுகிறது. ஒழுங்குக்காகப் போட்ட விதிதான் ஒழுங்காக வாழ வசதியில்லாதவரை முதலில் வெளியே தள்ளியது.

இந்தக் குறை எங்களுக்கு மட்டும் தெரிந்ததல்ல. உலக வங்கிக் கடனுதவியோடு 2005-இல் தொடங்கிய புது வாழ்வுத் திட்டம், விடுபட்டுப்போன மிக ஏழைகளைத் தேடிப் பிடிப்பதையே முதல் வேலையாக வைத்துக்கொண்டது. யார் ஏழை என்பதை அலுவலகத்தில் முடிவு செய்யாமல், ஊர்க்காரர்களே கூடி முடிவு செய்யும் மக்கள் நிலை ஆய்வு என்ற முறை அதில் இருந்தது. திட்டம் நடந்த வேறொரு வட்டத்துக்குக் கணக்குப் பயிற்சி கொடுக்கப் போயிருந்தபோது அதை நேரில் பார்த்தேன். கோவில் திடலில் கோலமாவால் ஊரின் படத்தைத் தெருத்தெருவாக வரைந்து, வீட்டுக்கு ஒரு கல் வைத்து, ஒவ்வொரு குடும்பமும் மிக ஏழையா, ஏழையா, நடுத்தரமா, வசதியானதா என்று பேசினார்கள். ஒரு வீட்டுக்கு வந்ததும், "நாலு ஆடு வச்சிருக்கிறா, அவ எப்படி மிக ஏழை?" என்று ஒருவர் கேட்டார். "ஆடு அவளுதில்லீங்க, வாரத்துக்கு வளர்க்கிறா" என்றார் இன்னொருவர். ஆட்டின் சொந்தக்காரர் வேறு. வளர்ப்பவருக்குக் குட்டியில் பாதி மட்டுமே உரிமை. மேசையில் உட்கார்ந்து படிவம் நிரப்பும் எந்த அலுவலருக்கும் நான்கு ஆடுகள்தாம் தெரிந்திருக்கும். அப்படித் தயாரான பட்டியலைக் கிராம சபை ஏற்ற பிறகே கிராம வறுமை ஒழிப்புச் சங்கத்தின் பணம் யாருக்கும் போனது. அந்தத் திடலிலும் குரல் உயர்த்தியவர்களின் சொல் சற்றுக் கூடுதலாகவே எடுபட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். எல்லாத் தெருக்காரர்களும் ஒரே பாயில் உட்காரவில்லை.

எங்கள் குழுவுக்கு வருகிறேன். சுவர்ண ஜெயந்தி கிராம சுயவேலைவாய்ப்புத் திட்டம் 1999 ஏப்ரலில் வந்தது. ஆறு மாதம் ஒழுங்காக நடந்த குழுவைத் தரம் பார்த்து, உறுப்பினர்களுக்குள் கடனாகச் சுற்றிவர 25,000 ரூபாய் சுழல் நிதி கொடுப்பார்கள். அதில் 10,000 ரூபாய் மானியம். தரம் பார்க்க வந்த அலுவலர் நோட்டைப் புரட்டிவிட்டு, "யாரும்மா எழுதினது?" என்றார். பெரியம்மா சற்றும் தயங்காமல், "நாங்க சொன்னோம், பாப்பா எழுதிச்சு" என்றார். அந்தப் பதிலில் இருந்த வரிசையை நான் பல ஆண்டு கழித்துத்தான் கவனித்தேன்.

தரம் கிடைத்தாலும் வங்கிக் கிளையின் படி ஏறுவது வேறு கதை. முதல் மூன்று முறை போனபோதும், மேலாளர் வேலையாக இருக்கிறார், அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். நான்காம் முறை இரண்டு பிரதிநிதிகளுக்குப் பதிலாகப் பதினேழு பேரும் போனார்கள். கோஷம் போடவில்லை, சண்டை பிடிக்கவில்லை. புளி தட்டும் வேலையை மட்டும் கையோடு கொண்டுபோயிருந்தார்கள். வாசல் திண்ணையில் வரிசையாக உட்கார்ந்து ஓடு உடைக்கத் தொடங்கினார்கள். பிற்பகல் இரண்டு மணிக்குள் காசோலை கைக்கு வந்துவிட்டது. திண்ணையைப் பெருக்கிக் கொடுத்துவிட்டு வந்ததாக அம்மா இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்.

அந்தப் பணம் போன இடமும் புளிதான். எங்கள் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகையில் கையில் காசு இருக்காது. அப்போது வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர், மாசி, பங்குனியில் மரத்துக் காய் முழுவதையும் அவர் சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டும். பிறகு அதே புளியைக் கூலிக்கு வாங்கி வந்து ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்துக் கிலோ கணக்கில் திருப்பித் தர வேண்டும். தன் மரத்துப் புளிக்குத் தானே கூலியாளாக உட்கார்வது. சுழல் நிதி வந்த ஆண்டில் குழு முன்பணத்தை அடைத்து ஒன்பது பேரின் மரங்களை மீட்டது. கொட்டை எடுத்த புளியை உப்புத் தடவிப் பானைகளில் அடைத்து ஆடி வரை வைத்திருந்து விற்றார்கள். துணி ஆலைகளுக்குக் கஞ்சி மாவாகப் போகும் புளியங்கொட்டைக்கும் விலை உண்டு என்பதும், அதுவரை அதை வியாபாரி இலவசமாக எடுத்துப்போனார் என்பதும் அந்த ஆண்டுதான் தெரிந்தது. எல்லாமே வெற்றி என்று சொல்வதற்கில்லை. இரண்டு பானைகளில் ஈரம் ஏறிப் புளி கறுத்துப்போனது. அந்த நட்டத்தை யார் ஏற்பது என்று மூன்று வெள்ளிக்கிழமை சண்டை நடந்தது. கடைசியில் பொதுக்கணக்கில் எழுதினோம்.

இதற்குப் பிறகு வந்த ஆண்டுகளின் நோட்டுகளில் எனக்குச் சுவை குறைந்துபோகிறது. அதற்குக் குழுவை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. வங்கிக் கடன் ஆயிரங்களிலிருந்து இலட்சங்களுக்கு வளர்ந்தது; 2021-இல் ரிசர்வ் வங்கி ஒரு குழுவுக்குப் பிணையின்றிக் கொடுக்கும் வரம்பை 10 லட்சத்திலிருந்து 20 லட்சமாக உயர்த்தியது. அதிகாரிகளுக்கு ஆண்டு இலக்கு. வங்கிகளுக்கு, பெண்கள் ஒழுங்காகக் கட்டிவிடுவார்கள் என்ற நம்பிக்கை. பணம் பெரிதாக ஆக, பேச்சு சிறிதாகிவிட்டது. மூன்று லட்சம் வந்தால் யாருக்கு எதற்குத் தேவை என்று கேட்காமல் ஆளுக்குச் சமமாகப் பிரித்துக்கொள்வது எளிது, சண்டை வராது. ஆனால் அந்தச் சண்டைக்காகத்தானே கூட்டம்? வாரக் கூட்டம் மாதக் கூட்டமாயிற்று. மாதக் கூட்டம் பணம் கட்டும் பத்து நிமிடமாயிற்று. கல்லூரி விடுமுறையில் நான் வீட்டுக்கு வந்திருந்தபோது, தணிக்கைக்கு நோட்டு வேண்டும் என்று அம்மா கேட்க, நடக்காத ஆறு மாதக் கூட்டங்களின் தீர்மானங்களை ஒரே இரவில், மூன்று நிறப் பேனாக்களை மாற்றி மாற்றி எழுதிக் கொடுத்தேன். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லாத அழகான பக்கங்கள் அவை. மேட்டு வீட்டு ஆயா அதில் கையெழுத்துப் போடும்போது மட்டும், "இத நாங்க எப்ப பேசினோம் கண்ணு?" என்று கேட்டார். கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு மாற அவருக்கு ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆயா இப்போது இல்லை.

அந்த வெற்றிடத்துக்குள் வேறொரு குழு வந்து உட்கார்ந்தது. காலை ஏழு மணிக்கு இருசக்கர வண்டியில் வரும் நுண்கடன் நிறுவனத்து ஆட்கள், ஐந்து பேரோ பத்துப் பேரோ சேர்ந்தால் கடன் என்கிறார்கள். ஊரில் இதற்கும் பெயர் குழுதான். "குழு காசு கட்டணும்" என்று ஒருவர் சொன்னால் எந்தக் குழு என்று கேட்க வேண்டியிருக்கிறது. இங்கே சேமிப்பு இல்லை, பெட்டி இல்லை, தீர்மான நோட்டு இல்லை. ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்ற பிணைப்பு மட்டும் குழுவிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. வட்டி போகும் வழி மறுபடியும் ஊருக்கு வெளியேதான். கடன் நெருக்கடியில் தற்கொலைகள் நிகழ்ந்த பிறகு 2010-இல் ஆந்திர அரசு இத்தகைய நிறுவனங்களைக் கட்டுப்படுத்த அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ஒரு குடும்பத்தின் மாதக் கடன் தவணைகள் வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்று 2022-இல் ரிசர்வ் வங்கி விதித்தது. வற்புறுத்தி வசூலிப்பதைத் தண்டனைக்குரியதாக்கும் சட்டமுன்வடிவைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது. சட்டங்கள் வேண்டியவைதாம். ஆனால் ஏழு மணிக்கு வாசலில் வண்டி வந்து நிற்கும்போது, பக்கத்து வீட்டுக்காரியின் முகத்தைப் பார்க்க அஞ்சி மூக்குத்தியைக் கழற்றிக் கொடுப்பவரிடம் சட்டப் பிரிவு போய்ச் சேர நேரமாகும்.

இந்த முறை பொங்கலுக்கு மறுவாரம் விடுப்பை நீட்டித்துக்கொண்டு அம்மாவின் குழுக் கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். பழையவர்களில் பதினொருவர் இருக்கிறார்கள்; பொதுக்கணக்கில் நான்கு லட்சத்துக்குச் சற்று மேல் இருக்கிறது. அண்மைக்காலமாக மறுபடி வாரந்தோறும் கூடுகிறார்கள். காரணம் கொள்கை எதுவுமில்லை. தொலைக்காட்சித் தொடர் முடிந்துவிட்டது என்கிறார் ஆட்டுக்கார அத்தை. நோட்டு எழுதுவது கல்லூரி முதலாண்டு படிக்கும் ஒரு பெண். அவள் கைப்பேசியிலும் பதிய வேண்டியிருக்கிறது என்பதால் எல்லாவற்றையும் இரண்டு முறை கேட்கிறாள். ஆயா இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

அன்றைக்குக் குழுவில் சேர விண்ணப்பித்தவர், நான் பெயரை அடித்த அந்தப் பெண்ணின் மருமகள். மூன்று நிறுவனங்களில் கடன். வாரம் 1,900 ரூபாய் தவணை. கணவர் கொத்தனார், மழைக்காலம் முழுவதும் வேலை இல்லை. உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டு குழுப் பணத்திலிருந்து 40,000 ரூபாய் உள்கடன் கொடுத்தால் மூன்றையும் அடைத்துவிட்டு இங்கே மாதம் கொஞ்சமாகக் கட்டிக்கொள்வதாகக் கேட்டார். சேர்ந்த அன்றே கடன் கொடுக்கும் வழக்கம் இல்லை என்றார் ஒருவர். மூன்றையும் அடைத்துவிட்டு நான்காவதாக ஒன்று வாங்கமாட்டாள் என்பதற்கு என்ன உறுதி என்றார் இன்னொருவர். அந்தச் சந்தேகத்தில் நியாயம் இல்லாமலில்லை. அவருடைய மாமியார் கூட்டத்துக்கு வரவில்லை; எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அதிகம் பேசவில்லை. ஒன்பதரை மணி வரை வாதம் நடந்தது. மொய் வைக்காத பழைய கதை ஒன்றும் வந்து போயிற்று. முடிவாகவில்லை. "இருவர் ஒப்பவில்லை, அடுத்த வெள்ளிக்கிழமைக்கு ஒத்திவைக்கப்பட்டது" என்று எழுதிய பெண், உறுப்பினர் பட்டியலைத் திருப்பி வைத்துக்கொண்டு, "அப்ப இவங்க பேரை எழுதட்டுங்களா, வேண்டாமா?" என்று கேட்டாள்.

"பென்சில்ல எழுதி வை, பாப்பா" என்றார் அம்மா.